கொஞ்சம் காற்று

எங்கள் ஊரில் காற்றைப் பற்றி யாரும் உண்மை பேசமாட்டார்கள். பொய்யும் பேசமாட்டார்கள், அது வேறு விஷயம். போன குளிர்காலத்தில் என் பெரியப்பா மகனுடைய படகுக் கொட்டகையைக் காற்று அப்படியே அலாக்காகத் தூக்கிக் கடலில் போட்டது. மறுநாள் கடையில் அவனைப் பார்த்து, "என்னப்பா, உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டேன். "கொஞ்சம் காத்து" என்றான், உருளைக்கிழங்கை அழுத்திப் பார்த்தபடியே. கொட்டகை என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

இப்படிப்பட்ட ஜனங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் பெயர் குன்வோர். நார்வேயின் மேல் விளிம்பில், ஸ்கார்வ்னெஸ் நகராட்சியில் தகவல் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு காப்பி மிஷினும். பனிப்புயல் வருகிறது என்றால் பள்ளிக்கூட வாத்தியார்கள், குடிநீர்க்காரர்கள், நூலகம், நீச்சல் குளம், பனி தள்ளும் வண்டிக்காரர்கள், வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்க்கும் நர்சுகள் என்று அத்தனை ஊழியர்களுக்கும் யார் வரலாம், யார் வரக்கூடாது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று செய்தி அனுப்ப வேண்டும். அனுப்புவேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதற்குச் சம்பளம் வேறு.

இலையுதிர் காலத்தில் ஆஸ்லோவிலிருந்து புது ஆணையர் வந்தார். ப்ரேபன். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் அவரைத் திட்டப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கத்திக்காரர்களுக்கு எதையும் உரக்கச் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். வந்த வேகத்தில் என் பழைய செய்திகளையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு நிறங்களைக் கொண்டுவந்தார். முதல் செய்தியே, "சிவப்பு எச்சரிக்கை!!! உயிருக்கு ஆபத்து!!! ஊழியர்கள் யாரும் வெளியே வரவேண்டாம்!!!" என்று போனது. அன்றைக்குப் பாதிரியார் வீட்டுக் கொடியில் காய்ந்த உள்பனியன்கூட அசையவில்லை.

அவ்வளவுதான். அதற்கு 'ஆணையரின் காதல் கடிதம்' என்று பெயர் விழுந்துவிட்டது. வாராவாரம் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடச் சமையல்காரி சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிமேல் ஏறி, நெஞ்சில் கை வைத்து, குரல் தழுதழுக்க வாசித்துக் காட்டினாள். குழந்தைகள் காப்பகத்தில் பொடிசுகள் 'சிவப்பு எச்சரிக்கை' என்று ஒரு விளையாட்டே கண்டுபிடித்தன. கத்திக்கொண்டே மேஜைக்கு அடியில் புக வேண்டும், கடைசியில் புகுந்தவர் ஆணையர். கிறிஸ்துமஸுக்குள் நகராட்சியின் எண்ணைப் பாதிப்பேர் தங்கள் போனில் ஊமையாக்கிவிட்டார்கள். முதலில் ஊமையாக்கியவள் என் தங்கை சோல்வி.

"நீங்க கத்தறதைக் குறைக்கணும்" என்று அவரிடமே சொன்னேன்.

"உயிர் போற விஷயத்தை வேற எப்படிங்க சொல்றது?"

"மெதுவா."

"மெதுவாவா?"

"ஆமா. இங்க சத்தம் போட்டா யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க."

எனக்குத்தான் ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நகராட்சிக் கார் ஒவ்வொன்றிலும் ஒரு வயர்லெஸ், குளிருக்கு உள்ளே புகுந்து படுக்க ஒரு தூக்கப்பை வைத்தது அவர்தான். மலைப்பாதையைத் தாண்டி இத்தர்விக் பக்கம் போகிறவர்கள் ஏறும்முன் ஒரு தரம், இறங்கியபின் ஒரு தரம் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டதும் அவர்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சோல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "வேலை பாக்கச் சம்பளமா, கார்ல தூங்கச் சம்பளமா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தூக்கப்பையைப் பின் சீட்டில் விரித்து அவள் நாய்க்கு மெத்தை ஆக்கிவிட்டாள்.

சோல்வி எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. வீடுகளுக்குப் போகிற நர்ஸ். எங்கள் வீட்டில் எனக்கு மிஞ்சியிருப்பவள் அவள் மட்டும்தான். அக்கா தங்கை எங்களுக்கு ஒருவரை ஒருவர் திட்டாமல் ஒரு நாள் கழியாது. அன்பாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை, அதற்குத் தேவையும் வந்ததில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சூரியன் எங்கள் பக்கம் தலைகாட்டாத மாதம், நடுப்பகலிலும் விளக்கு எரியும். ப்ரேபன் காலையிலிருந்து இரண்டு காதல் கடிதம் அனுப்பிவிட்டார். செவ்வாய் என்றால் கேண்டீனில் வாஃபிள் உண்டு. "கொஞ்சம் வயர்லெஸ்ஸைப் பாத்துக்குங்க, இதோ வந்துடறேன்" என்று ஆணையரையே என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கீழே போனேன். திரும்பி வந்தபோது மனிதர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குன்வோர்! நல்ல சேதி! உங்க தங்கச்சி பேசினாங்க. மலைப்பாதை ஏறப்போறாங்களாம். காத்து எப்படின்னு கேட்டேன். கொஞ்சம்தானாம்!"

என் தட்டு சாய்ந்து வாஃபிள் தரையில் விழுந்தது, ஜாம் கீழ்ப்பக்கமாக.

"என்ன சொன்னா? அவ சொன்னதை ஒரு எழுத்து மாறாம சொல்லுங்க."

"'கொஞ்சம் காத்து, போயிட்டு வரேன்'னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ரொம்ப சந்தோஷம், பத்திரமா போங்க'ன்னேன்."

"சந்தோஷமா!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் கணக்குப் பார்க்கும் பெண் எழுந்து வந்துவிட்டாள். "ஐயோ, உங்களை என்ன பண்றது! கொஞ்சம் காத்துன்னா கொஞ்சம் காத்துன்னா அர்த்தம்?"

"பின்ன?"

"கூரை பறக்குதுன்னு அர்த்தம்! கார் கதவு கையோட வருதுன்னு அர்த்தம்! நிஜமாவே கொஞ்சம் காத்து அடிச்சா எங்காளுங்க அதைக் காத்துன்னே சொல்லமாட்டாங்க, மனுஷா!"

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பாவம்தான், ஆனால் பாவம் பார்க்க அப்போது நேரமில்லை. சோல்வியைக் கூப்பிட்டேன். கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. மலைப்பாதையின் அடியில், தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பனி தள்ளும் வண்டியோடு நிற்கும் ஒட்லைவைக் கூப்பிட்டேன்.

"ஒட்லைவ் அண்ணே, அங்க எப்படி?"

வண்டியின் வைப்பர் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"அவ்வளவு நல்லா இல்லம்மா."

முன்பொரு வருஷம் காற்று இவருடைய வண்டியையே குப்புறத் தள்ளியது. தோள்பட்டை எலும்பு முறிந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசியபோதும் இவர் சொன்னது 'கொஞ்சம் காத்து' என்றுதான். அந்த மனிதர் வாயிலிருந்து 'நல்லா இல்ல' வந்து நான் கேட்டதே கிடையாது.

"சோல்வி?"

"தடுப்பைப் போடத்தான் இறங்கினேன். அதுக்குள்ள தாண்டிட்டா. கை காட்டிட்டு வேற போனா. நான் பின்னாடியே போறேன். முன்னால எதுவும் தெரியல, நகர்ந்து நகர்ந்துதான் போகணும்."

அவர் கிளம்பினார். அதற்குள் ப்ரேபன் கம்ப்யூட்டரில் ஆச்சரியக்குறிகளைத் தட்ட ஆரம்பித்திருந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். மற்றவர்களாவது வெளியே கால் வைக்காமல் இருக்க வேண்டுமே. என் சொந்த போனிலிருந்து எல்லோருக்கும் ஒரே வரி அனுப்பினேன்: "அவ்வளவு நல்லா இல்லை என்று ஒட்லைவ் சொல்கிறார்."

ப்ரேபன் எட்டிப் பார்த்தார். "இதுவா எச்சரிக்கை? மீன் குழம்பைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு!"

"பேசாம பாருங்க."

போன் அடித்தது. தலைமையாசிரியர். "ஒட்லைவா சொன்னாரு? ஒட்லைவேவா?" ஆமாம் என்றேன். "கடவுளே" என்று வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் பள்ளிக்கூடமே உடற்பயிற்சிக் கூடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. நீச்சல் குளத்தில் எல்லோரையும் தண்ணீரிலிருந்து தூக்கி உட்கார வைத்துத் துண்டு போர்த்திவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு நாள்கூடச் சீக்கிரம் மூடாத நூலகக்காரி போர்கில், வாசகர்கள் இருவரோடும் ஒரு ஷெர்ரி ஒயின் பாட்டிலோடும் உள்ளே பூட்டிக்கொண்டு எனக்கு அதைத் தெரியப்படுத்தினாள். மேல்மாடியில் கார் நிறுத்துமிடத்தைப் பற்றி மூன்று கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த கவுன்சிலர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கீழே ஓடிவந்தார்கள். "என்ன, யுத்தமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மூணு மாசமா தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று ப்ரேபன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே வயர்லெஸ் பேசியது.

"அக்கா."

"சோல்வி! எங்கடி இருக்க?"

"பாதி மலையில. கார் கொஞ்சம் நின்னுடுச்சு."

"கொஞ்சம் நின்னுடுச்சுன்னா?"

"மூக்கு பனிக்குள்ள இருக்கு. பின்பக்கம் மேல இருக்கு. போன்ல சிக்னல் இல்ல. ஒண்ணுமில்ல, விடு. ஓரமா ஒரு குடிசை இருந்துதே, கிட்டத்தான் இருக்கணும். இறங்கி நடந்துடறேன். பெட்ரினாம்மாவுக்கு இன்சுலின் போடணும்ல."

பெட்ரினா, இத்தர்விக்கில் தனியாக இருக்கும் எண்பது தாண்டிய கிழவி. அந்த மலையில் காரை விட்டு இறங்கி 'கிட்டத்தான்' நடந்த ஒருவரை வசந்த காலத்தில்தான் கண்டெடுத்தோம். அந்தக் குடிசைக் கதவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தார். இது சோல்விக்கும் தெரியும். தெரிந்தும் பேசுகிறாள், தடிக் கழுதை.

"கார்லேயே இரு. ஒட்லைவ் அண்ணே வந்துட்டிருக்காரு."

"அவரு வர்றதுக்குள்ள பெட்ரினாம்மாவுக்கு மயக்கம் வந்துடும்."

இதற்குள் ப்ரேபன் இன்னொரு போனில் இத்தர்விக்கைப் பிடித்துவிட்டார். பெட்ரினாவுக்குப் பக்கத்து வீடு ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அதைச் சோல்வியிடம் சொன்னேன்.

"மாட்டுக்குப் போட்ட கையா? பெட்ரினாம்மா உதைப்பாங்க."

"உதைக்கட்டும். நீ இறங்காத. ஒட்லைவே அவ்வளவு நல்லா இல்லங்கறாருடி."

"அவருக்கு வயசாயிடுச்சு" என்றாள்.

ப்ரேபன் பொறுக்கமாட்டாமல் மைக்கைப் பிடுங்கினார். "ஆணையர் பேசறேன்! இது உத்தரவு! சிவப்பு எச்சரிக்கை!"

அந்தப் பக்கம் சோல்வி கிளுகிளுவென்று சிரித்தாள். "காதல் கடிதம் நேர்லயே வந்துடுச்சே, அக்கா! சரி, வெக்கறேன்."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்த சத்தம். கதவு வழியாகக் காற்று உள்ளே புகுந்து வயர்லெஸ்ஸுக்குள் ஊளையிட்டது. நான் மைக்கைத் திரும்பப் பிடுங்கினேன். என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"சோல்வி, எனக்குப் பயமா இருக்கு."

எங்கள் ஊரில் இதை யாரும் சொல்வதில்லை. பிரசவத்தில் சொல்வதில்லை, ஆபரேஷனுக்கு முன் சொல்வதில்லை, படகு மூழ்கும்போது சொல்வதில்லை. கணக்குப் பார்க்கும் பெண் என்னை விட்டுக் கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள், நான் துணியில்லாமல் நிற்பதுபோல.

"அக்கா..." குரல் மாறியிருந்தது. "குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"ஜுரமா?"

"பயம்டி! பயமா இருக்கு! நீ இறங்கினா செத்துடுவ. நீ செத்துட்டா நான் யாரைத் திட்டிட்டு உயிரோட இருப்பேன்? சாத்துடி கதவை!"

ஊளை கொஞ்சம் நீண்டது. பிறகு டப்பென்று கதவு சாத்தப்பட்டது.

"சாத்திட்டேன்" என்றாள் சின்னக் குரலில்.

நான் நாற்காலியில் விழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த வயர்லெஸ் எனக்கும் அவளுக்கும் மட்டுமானது இல்லை. நகராட்சிக் கார்கள், குடிநீர் நிலையம், பள்ளிக்கூடம், நூலகம் என்று அத்தனை இடத்திலும் ஒரே அலைவரிசை. ஊர் ஊழியர்கள் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். இனி இந்த ஊரில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று எண்ணி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கரகரவென்று ஒரு சத்தம். குடிநீர் நிலையத்து தூர்கில்ஸ். கதவை நிறைக்கும் ஆள், பேச்சு கிராம் கணக்கில்தான் வரும்.

"எனக்கும்" என்றார்.

பிறகு தலைமையாசிரியர்: "எனக்கும்தான். காலையிலேருந்தே."

"எனக்கு ரொம்ப" என்றாள் நூலகத்து போர்கில். ஷெர்ரி பாதி காலியாகியிருக்க வேண்டும்.

அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. "எனக்குப் படகுல ஏறவே பயம், மீன் பிடிக்கப் போறதா சொல்லிட்டு வண்டியிலயே உக்காந்துட்டு வந்துடுவேன்." "எனக்கு இருட்டுன்னா பயம்." "இங்கேயா? ரெண்டு மாசம் இருட்டாச்சே!" "அதான் சொல்றேன்!" "எனக்கு என் மாமியார்னா பயம்." "அது புயல்ல சேராதுப்பா." "நீ அவங்களைப் பாத்ததில்ல."

சோல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்புக்கு நடுவில் தும்மினாள். தூக்கப்பைக்குள் புகுந்துவிட்டாளாம், உள்ளே முழுக்க நாய்முடியாம். ப்ரேபன் என் தோளைத் தட்டினார். "இன்ஜினை அணைக்கச் சொல்லுங்க. பனி ஏறிப் புகைக்குழாயை அடைச்சா விஷப்புகை உள்ள வரும்." இந்தத் தடவை அவர் குரல் மெதுவாக இருந்தது. அவள் சிரிக்காமல் அணைத்தாள். இன்ஜின் இல்லையென்றால் சூடும் இல்லை. குளிரில் தூங்கிவிட்டால் எழுந்திருப்பது நிச்சயமில்லை. அவளைத் தூங்கவிடக்கூடாது.

அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நகராட்சியே முறை போட்டுக்கொண்டு அவளுக்குக் கதை சொன்னது. சமையல்காரி காதல் கடிதம் ஒன்றை உருகி வாசித்தாள். அதை எழுதியவரே பக்கத்தில் இருக்கிறார் என்றேன்; வாசிப்பு நின்றது. "பரவால்ல, தொடருங்க, நானே இவ்வளவு நல்லா எழுதினேனான்னு இருக்கு" என்றார் ப்ரேபன். எங்கள் அறையில் கவுன்சிலர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒவ்வொரு கதைக்கும் நடுவில் நான், "சோல்வி, இருக்கியா?" என்பேன். "இருக்கேன்" என்பாள்.

ஒரு தடவை பதில் வரவில்லை.

"சோல்வி."

இரைச்சல்.

"சோல்வி! ஏ சோல்வி!"

ப்ரேபன் என் கையைப் பிடித்தார், நான் அவர் கையை நசுக்கினேன். மைக்கில் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. திட்டு என்று பிறகு சொன்னார்கள், அச்சில் வராத திட்டு.

வயர்லெஸ் இருமியது. ஒட்லைவ்.

"கத்தாதம்மா, காது போகுது. என் வண்டியில ஏத்திட்டேன். கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. ஏன் லேட்டுன்னு என்னையே கேக்கறா."

அலைவரிசையில் கிளம்பிய ஆரவாரத்தில் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போலிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்ததைத் தரை வழியாகவே கேட்டதாகக் கவுன்சிலர் ஒருவர் சாதித்தார். நான் அழுதேன். எல்லோர் முன்னாலும்தான், இனி என்ன.

சாயங்காலம் ஒட்லைவின் வண்டி அவளை நகராட்சி வாசலில் இறக்கிவிட்டது. உடம்பெல்லாம் நாய்முடியோடு, மூக்கு சிவந்து உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாகத் தன் கம்பளிக் கையுறையால் என் தலையில் ஒன்று போட்டாள்.

"ஊர் பூரா என் மானத்தை வாங்கிட்டல்ல! பயமாம் பயம்!"

"ஆமாடி, வாங்கினேன். என்ன இப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ புதிதாக வாஃபிள் சுட்டிருந்தார்கள், பழுப்புச் சீஸ் வைத்துக் கொடுத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு தின்றாள். பெட்ரினா கிழவி மாட்டு டாக்டரை உதைக்கவில்லையாம், நாளைக்கும் அவரையே அனுப்பச் சொன்னாளாம். அதற்குச் சோல்வி செய்த கேலியில் தூர்கில்ஸ்கூடச் சிரித்தார். அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். சனங்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள், காப்பி அங்கே இருந்தது. நானும் எழுந்தேன்.

என் ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற?"

"காப்பி எடுக்க. இதோ வரேன்."

"காப்பி வேணாம். இரு."

"ஏன்டி?"

யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கதவைத் திறந்தப்ப வந்தது எனக்கு இன்னும் போகலக்கா" என்றாள்.

"என்ன போகல?"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. ஸ்வெட்டரையும் விடவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.